மொழி தெரிந்த ஆள் இருந்தும் பேச்சு வரவில்லை: தருமபுரி, கிருஷ்ணகிரி களப்பணியாளர் இழை

கெலமங்கலம் | 14 நவம்பர் 2024, இரவு 9.20

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களிடம் விசாரிக்கும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. இங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். டவுனுக்குள் உருது, காட்டோரத்தில் இருளர் பேச்சு. மொழி தெரிந்த ஆளைக் கூட்டிப்போனால் விவரம் தானாக வரும் என்றுதான் பயிற்சியில் சொல்கிறார்கள். ஆளும் கூட வருகிறார். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றால் "ஒண்ணும் இல்லைங்க." "பையன் ஏன் பள்ளிக்கூடம் போகலை?" என்றால் "போவான்ங்க." அறிக்கையில் எழுத ஒரு வரி தேறுவதில்லை. மொழிபெயர்த்துச் சொல்பவர்களுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தொப்பூர்க்கணவாய் | 14 நவம்பர், இரவு 9.41

கூட வந்த ஆள் யார்?

கெலமங்கலம் | 14 நவம்பர், இரவு 9.44

ஊர்க்காரர்தான். வார்டு உறுப்பினரின் தம்பி. மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு.

தொப்பூர்க்கணவாய் | 14 நவம்பர், இரவு 10.15

அப்புறம் எப்படி வாய் திறப்பார்கள்? நூறு நாள் வேலை அட்டையில் பெயர் ஏற வேண்டும், தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் வர வேண்டும். இதெல்லாம் வார்டு உறுப்பினர் வீட்டு வழியாகத்தான் நடக்கும் என்று நினைத்திருக்கும் குடும்பம், அவர் தம்பியை வைத்துக்கொண்டு மகன் கோழிப் பண்ணையில் முன்பணத்துக்கு வேலை செய்கிறான் என்று சொல்லுமா? மொழி இரண்டாவது தடை. இந்த விசாரணை யார் காதுக்குப் போய்ச் சேரும் என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். உங்களோடு யார் நடந்து வந்தார், வண்டி எங்கே நின்றது, முதலில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள் என்று பார்த்து முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

மொழிபெயர்க்கக் கூடாதவர்கள்: கணவர் வீட்டு ஆட்கள், வேலை கொடுத்தவர், மேஸ்திரி, வட்டிக்கு விடுபவர், பஞ்சாயத்துப் பொறுப்பில் இருப்பவரின் உறவினர், அந்தக் குடும்பத்தின் குழந்தை. கடைசி வகையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எட்டாவது படிக்கும் பெண் நன்றாகத் தமிழ் பேசுகிறது என்று, அப்பா அம்மாவை அடித்த கதையை அதன் வாயாலேயே சொல்ல வைக்கிறோம். அம்மாவும் மகள் முன்னால் பாதியை விழுங்கிவிடுவாள்.

மூணாவது ஷிப்ட் | 15 நவம்பர், காலை 6.50

ஓசூர் சிப்காட் பக்கத்து அறைகளில் இதே கூத்து இன்னொரு வடிவில் நடக்கிறது. "வடநாட்டு ஆளுங்க" என்று சொல்லி இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். ஒடிசாக்காரருக்கு ஒடியா, அசாமிலிருந்து வந்தவருக்கு அசாமியோ வங்காளமோ, ஜார்க்கண்டின் சில பகுதியினருக்கு சந்தாலி. இந்தியில் "டீக் ஹை" என்று தலையாட்டுவார்கள், அதோடு சரி. முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: ஊரில் அம்மாவோடு போனில் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? அந்த மொழியில் ஆள் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இந்தியிலேயே, ஆனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி மட்டும்.

தயவுசெய்து கம்பெனி சூப்பர்வைசரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். கூலி பிடித்த புகாரை, கூலி பிடித்தவனே மொழிபெயர்த்துச் சொல்வான்.

கெலமங்கலம் | 15 நவம்பர், இரவு 8.05

சரி, ஆள் மாற்ற வேண்டும். மாற்றிய ஆளை எப்படித் தயார் செய்வது? அதை யாரும் எழுதவில்லையே.

தொப்பூர்க்கணவாய் | 16 நவம்பர், காலை 11.30

வீட்டுக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம், வேறு இடத்தில். வண்டியில் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

அவரிடம் ஐந்து விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல். கெட்ட வார்த்தை வந்தால் அதையும் சேர்த்து. இரண்டு, "அவங்க அடிச்சாராம்னு சொல்றாங்க" என்று சுற்றாமல், "என்னை அடிச்சார்" என்று அவர் வாக்காகவே சொல்ல வேண்டும். மூன்று, புரியாவிட்டால் நிறுத்திக் கேட்கலாம், ஊகிக்கக் கூடாது. நான்கு, புத்திமதி சொல்லக் கூடாது. நம் ஊரில் இதுதான் ரொம்பக் கஷ்டம், இரண்டாவது கேள்விக்கே "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சேர்த்துவிடுவார்கள். ஐந்து, பேசியவற்றைக் குறித்த துண்டுச் சீட்டை அங்கேயே உங்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இது ரகசியமாக அவரிடம் கேட்க வேண்டியது: இந்தக் குடும்பம் உங்களுக்குச் சொந்தமா, பங்காளியா, கொடுக்கல் வாங்கல் உண்டா?

உட்காரும் விதம்: பேச வேண்டியவர் உங்களுக்கு நேர் எதிரே. மொழிபெயர்ப்பவர் பக்கவாட்டில், அரையடி பின்னால். அவரை நடுவில் உட்கார வைத்தால் அந்தம்மா அவரைப் பார்த்தே பேசும், நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முக்கால் மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் மூச்சு விடாமல் பேசியதற்கு "இல்லையாம்" என்று ஒற்றைச் சொல் திரும்பி வந்தால், பேச்சை அங்கேயே நிறுத்தி "முழுசா சொல்லுங்க" என்று கேளுங்கள்.

சித்தேரி | 16 நவம்பர், மாலை 5.12

வண்டி எங்கே நின்றது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அரூர் மலைப் பக்கம் அதுதான் முதல் பாடம்.

பலகை மாட்டிய ஜீப் ஊர் எல்லைக்கு வந்தாலே பாதிப் பேர் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். காரணம் தெரியாமல் "பழங்குடி மக்கள் கூச்ச சுபாவம்" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். இந்தப் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் போய் மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, பெண்களை வன்புணர்ந்தது நீதிமன்றத்தில் நிரூபணமான விஷயம். 2011இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சுற்று வட்டாரத்தில் பாட்டி முதல் பேத்தி வரை அறிந்த கதை இது. அரசாங்க வண்டியில் வந்து இறங்குகிறவரை அவர்கள் சந்தேகப்படுவது கூச்சம் அல்ல, அனுபவம்.

செய்ய வேண்டியது எளிது. வண்டியைக் கடைசித் திருப்பத்தில் விட்டு நடந்து போங்கள். சீருடை போட்ட யாரும் முதல் முறை கூட வர வேண்டாம். காக்கி நிறச் சட்டையும் வேண்டாம். வந்த காரணத்தை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள், கூடவே எதற்காக வரவில்லை என்பதையும்: "காட்டு விஷயம் கேட்க வரலைங்க, சாராய விஷயம் கேட்க வரலைங்க, குழந்தைக்கு எடை குறைஞ்சதைப் பத்திப் பேச வந்தேன்."

இன்னொரு கொடுமை. அறுபது வயது பெரியவரை முப்பது வயது அலுவலர் "என்னப்பா, வா, உட்காரு" என்று கூப்பிடுவது. அதே அலுவலர் ஊர்த் தெருவில் "வாங்க, உட்காருங்க" என்பார். பழங்குடிக் குடியிருப்பிலும் காலனியிலும் மட்டும் நாக்கு மாறிவிடும். இதைக் கவனிக்காதவர்கள் யாரும் இல்லை, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

புளிமண்டி | 17 நவம்பர், இரவு 10.02

நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை!

சிரிக்காதீர்கள். நாம் போனதும் அந்தம்மா என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வரும். நாற்காலியோடு பக்கத்து வீட்டுக்காரியும் வருவாள், நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள், போக மாட்டாள். அதே நேரத்தில் பெரிய பையன் கையில் இருபது ரூபாயைக் கொடுத்து கலர் வாங்கிவர அனுப்புவார்கள். கடைக்காரர் "யாருடா வந்திருக்கா?" என்பார். பத்து நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும், பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆகவே வாசலில் நுழையும்போதே "நாற்காலி வேண்டாம், பாய் போதும், தண்ணி மட்டும் கொடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். பாட்டில் தண்ணீரைப் பையிலிருந்து எடுப்பதை எந்தச் சாதிக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்ற பயத்தில் குடிக்கவில்லை என்று விளக்கம் சொன்னாலும் எடுபடாது. ஒரு டம்ளரில் ஒன்றும் ஆகிவிடாது.

பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பவும் வழி உண்டு. "அக்கா, உங்க வீட்டுக்கும் வரணும், அரை மணி நேரத்துல வரேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் கட்டாயம் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை செல்லாது.

மூணாவது ஷிப்ட் | 17 நவம்பர், இரவு 10.30

எட்டுப் பேர் தங்கும் ஒற்றை அறையில் நாற்காலியும் கிடையாது, பாயும் கிடையாது. அங்கே தனிமை என்றால் மொட்டை மாடிதான்.

கெலமங்கலம் | 19 நவம்பர், இரவு 9.15

பழைய கேள்விக்கு வருகிறேன். சரியான ஆள், சரியான இடம் எல்லாம் அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படிவத்தோடு ஆரம்பிப்பதா, பேச்சோடு ஆரம்பிப்பதா? ரேஷன் கார்டு, ஆதார் கேட்டால் பேச்சு சுலபமாகத் தொடங்குகிறது என்று ஒரு கட்சி. கேட்கவே கூடாது என்று ஒரு கட்சி.

தொப்பூர்க்கணவாய் | 20 நவம்பர், காலை 7.40

கேட்டால் பேச்சு தொடங்கும், உண்மை. என்ன பேச்சு தொடங்கும் என்பதுதான் சிக்கல். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று எங்கள் தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பேனாவும் தாளும் கையிலிருந்தால் "ஆயிரம் ரூபாய்க்காரங்க" என்றுதான் பெயர். கார்டைக் கேட்டவுடன் நீங்கள் தகுதி பார்க்க வந்தவர் ஆகிவிடுகிறீர்கள், பதிலெல்லாம் தகுதிக்குத் தோதாக வரும். வருமானம் குறையும், நிலம் மறையும், சம்பாதிக்கும் மகன் "பேச்சுவார்த்தையே இல்லைங்க" ஆவான். ஆதரவற்ற விதவை உதவித்தொகை வாங்குகிறவர் கூட வாழ்கிற ஆளைப் பற்றி மூச்சு விட மாட்டார், மறுமணம் என்று தெரிந்தால் தொகை நின்றுவிடும். அந்த ஆள்தான் பிள்ளையை அடிக்கிறான் என்றால் அதுவும் சேர்ந்து மறையும்.

என் வரிசை: வந்த காரணம். இது எந்தத் தொகைக்கும் விசாரணை இல்லை, நான் எழுதுவதால் எதுவும் வெட்டப்படாது என்ற உறுதி (அது உண்மையாக இருந்தால் மட்டும்). பிறகு பேச்சு. கடைசியில் கார்டு. எழுதும்போது "இதை எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுதுவது, கேட்டால் படித்துக் காட்டுவது. பெயருக்குப் பதில் குறியீடு போட்டால் அதையும் காட்டுவது.

சித்தேரி | 20 நவம்பர், மதியம் 1.10

அரை உடன்பாடு. மலைக் கிராமங்களில் கார்டை எடுத்துக் காட்டுவது ஒரு மரியாதைச் சடங்கு மாதிரி. கேட்காமல் விட்டால் "நம்ம பேரை எழுதாம போறாங்க" என்ற சந்தேகம் வரும். காட்டினால் வாங்கிப் பாருங்கள், பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள், ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுங்கள். அட்டையில் பெயர் இருந்தும் வீட்டில் இல்லாத பிள்ளை யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

புளிமண்டி | 24 நவம்பர், இரவு 9.50

போன் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே பெரும்பாலான சேதம் அதில்தான்.

கணவர் பெங்களூரில் கட்டட வேலை, மனைவி பாலக்கோடு பக்கம் மாமியாரோடு. வீட்டில் ஒரு போன். பகலில் மாமியார் இடுப்பில், மாலையில் மைத்துனன் கையில். நாம் எண்ணை வாங்கிக்கொண்டு வந்து "நீங்கள் சொன்ன புகார் குறித்து" என்று வாட்ஸாப் அனுப்புகிறோம்.

எண் வாங்கும்போதே கேட்க வேண்டியவை: இந்த போன் யார் பெயரில், யார் கையில், எத்தனை மணிக்கு உங்கள் கையில் வரும்? நான் கூப்பிட்டு வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லட்டும்? (அங்கன்வாடி எடை போடுவது என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அங்கன்வாடி ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.) குரல் பதிவு அனுப்பலாமா? அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். எழுத்தாக எதுவும் வேண்டாம். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழிக்கச் சொல்லிக் கொடுங்கள், உட்கார்ந்து ஒரு முறை அவரையே செய்ய வையுங்கள்.

இன்னொன்று: கூப்பிடுபவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலி. நம் எண்ணை யாரோ "குழந்தை கல்யாணம் ஆபீசர்" என்று சேமித்திருப்பார்கள். புது போனுக்குக் கூப்பிட்டால் திரையில் அதுவே பளிச்சென்று வரும். உங்கள் எண் என்ன பெயரில் தெரிகிறது என்று வேறொருவர் போனில் தேடிப் பாருங்கள். இன்றைக்கே.

கெலமங்கலம் | 24 நவம்பர், இரவு 10.20

பார்த்தேன். "லோன் பார்ட்டி" என்று வருகிறது.

புளிமண்டி | 24 நவம்பர், இரவு 10.22

"ஒண்ணும் இல்லைங்க" என்ற பதிலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஊத்தங்கரை ஏரிக்கரை | 9 டிசம்பர், இரவு 8.30

இழையை இப்போதுதான் படித்தேன். இங்கே டிசம்பர் முதல் இரண்டு நாளில் ஃபெஞ்சல் புயல் மழை 50 செ.மீ. கொட்டி ஏரி உடைத்துக்கொண்டு வண்டிகள் அடித்துப்போனது எல்லோருக்கும் தெரியும். தொப்பூரார் எழுதிய "ஆயிரம் ரூபாய்க்காரங்க" இங்கே இப்போது "நிவாரணக்காரங்க". வேறு எதற்குப் போனாலும் சுவர் விரிசலைத்தான் காட்டுகிறார்கள். அதைப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போனால் பேச்சு முறியும். விரிசலைப் பாருங்கள். மனு கொடுத்தாகிவிட்டதா, எந்தத் தேதி, ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். உங்களால் வாங்கித்தர முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வழி சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் காரியம். இழவு வீட்டிலும் வெள்ள வீட்டிலும் முறை இதுதான்.

தொப்பூர்க்கணவாய் | 11 டிசம்பர், காலை 6.30

ரகசியம் பற்றி ஒரு பதிவு போட நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் பேச்சு வராதபோது எல்லோரும் எடுக்கும் ஆயுதம்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், என்னை நம்பிச் சொல்லு." சொல்லக் கூடாத வாக்கியம். போக்சோ சட்டம் பிரிவு 19இன்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21இல் ஆறு மாதம் வரை சிறை. ஆக, அந்தப் பெண் நம்பிச் சொன்ன மறுநாள் காவலர் வருவார். அதன் பிறகு அந்தப் பெண் மட்டுமல்ல, அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் நம்மிடம் பேசாது.

முன்கூட்டியே இப்படிச் சொல்லலாம்: "நீ சொல்றதுல நிறைய விஷயம் நம்ம ரெண்டு பேரோட நிக்கும். உன்னை யாராவது தப்பா தொந்தரவு பண்றது தெரிஞ்சா மட்டும் நான் சொல்லியாகணும், சட்டம் அப்படி. அப்பவும் யார்கிட்ட, எப்ப சொல்றேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்." இதைக் கேட்டுச் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். மூடட்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐ எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் திரும்பி வருவார்கள்.

காவல்துறை வந்த பிறகும் நம் வேலை முடிவதில்லை. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை சொல்லும் இடத்திலோ பதிய வேண்டும், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் (பிரிவு 24). குழந்தை நம்பும் ஒருவர் உடன் இருக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் சிறப்புக் கல்வியாளரும் வைத்துக்கொள்ளலாம் (பிரிவு 26). இதை அந்தக் குடும்பத்துக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள். பிறகு 164 வாக்குமூலத்துக்கு நீதித்துறை நடுவர் முன் போக வேண்டியிருக்கும்.

சட்டப்புத்தகம் | 11 டிசம்பர், காலை 9.05

164 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 183. இன்னொரு சேர்க்கை: கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் பிரிவு 19 தகவலில் பெண்ணின் பெயர், அடையாளம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. பெயர் வெளியே வரும் என்று பயந்து போலி மருத்துவரிடம் போகிற குடும்பத்துக்கு இந்த ஒரு தகவல் போதும். ஆனால் அது மருத்துவருக்கான விலக்கு. நமக்கு அல்ல.

புளிமண்டி | 12 டிசம்பர், இரவு 9.30

குழந்தைத் திருமணத் தகவல் வந்து போகும்போது "உனக்குச் சம்மதமா?" என்று பெண்ணிடம் கேட்பதில் அர்த்தமில்லை. அப்பாவும் பந்தல்காரரும் நிற்கும்போது "சம்மதம்" என்றுதான் சொல்லும். வயதையும் வாயால் கேட்க வேண்டாம், பள்ளிப் பதிவேட்டில் பாருங்கள். பெண்ணைத் தனியே அழைத்து, "பதினொண்ணுல என்ன குரூப் எடுத்தே? கடைசியா எந்தப் பரீட்சை எழுதினே? புத்தகம் இப்ப எங்க இருக்கு?" என்று கேளுங்கள். புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டாகிவிட்டது என்றால் எந்த மாதம் முடிவெடுத்தார்கள் என்பது வரை வெளிவரும்.

பெற்றோரிடம் சட்டம் பேசினால் "நிறுத்திட்டோங்க" என்பார்கள், மறுவாரம் ஆந்திராவில் கோயிலில் முடித்துவிடுவார்கள். அவர்கள் பயம் வேறு: அப்பா அம்மா இருவரும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போக வேண்டும், பெண்ணை யாரிடம் விடுவது? விடுதி இடம், விண்ணப்பத் தேதி, எந்தப் பேருந்து என்று கையில் வைத்துக்கொண்டு போகிறவருடன்தான் அவர்கள் பேசுவார்கள்.

கைச்சாடை | 3 ஜனவரி 2025, மாலை 4.45

காது கேளாதவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டால் போதும் என்பது இங்கேயும் அதே தப்புக் கணக்கு. காது கேளாதோர் பள்ளிக்கே போகாதவருக்கு இந்திய சைகை மொழி தெரியாது, வீட்டில் அவர்களாக உண்டாக்கிக்கொண்ட சாடைதான். அது அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும் புரியும். குற்றம் செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வீர்கள்? இந்த மாதிரி இடத்தில் சாடையில் தேர்ந்த இன்னொரு காது கேளாதவரை நடுவில் வைக்க வேண்டும். அவர் வீட்டுச் சாடையைப் பிடித்துச் சைகை மொழியில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். இரண்டு மடங்கு அல்ல, மூன்று மடங்கு நேரம்.

பையில் வைத்துக்கொள்ள: மாதக் காலண்டர், 10, 50, 100, 500 ரூபாய் நோட்டு ஒவ்வொன்று, வெள்ளைத்தாள், குடும்பத்தார் படம் (அவர்கள் போனிலேயே இருக்கும்). கூலி எவ்வளவு என்று கேட்க நோட்டைக் காட்டுவதை விடத் தெளிவான வழி இல்லை.

வயதானவர்களுக்கு: வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காராதீர்கள். ஓட்டு வீட்டுக்குள் இருட்டு, வெளியே வெயில், உங்கள் முகம் கருப்பாகத் தெரியும், உதட்டைப் பார்த்துப் பிடிக்கிறவர் எதைப் பார்ப்பார்? நீங்கள் உள்பக்கம் போய் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள். கத்த வேண்டாம், குரலைத் தாழ்த்தி நிறுத்திப் பேசுங்கள். "பாட்டிக்கு மறதி நோய்" என்று எழுதும் முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கெலமங்கலம் | 5 ஜனவரி, இரவு 9.00

அஞ்செட்டிப் பக்கம் காலை 8 மணிக்குப் போனால் கண்ணைத் திறக்க முடியாமல் உட்காருகிறார்கள். மருந்துச் சாப்பிடுகிறவர்களோ என்று சந்தேகம் வருகிறது.

சித்தேரி | 5 ஜனவரி, இரவு 9.25

ராகி அறுவடைக் காலம் ஐயா. யானை வருகிறது என்று இரவெல்லாம் பரண் மேல் காவல். ஜனவரி முடியும் வரை அங்கே காலைச் சந்திப்பு வைக்காதீர்கள். மதியம் 12க்குப் போங்கள், 4 மணிக்குள் கிளம்புங்கள், அவர்களும் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். போச்சம்பள்ளிப் பக்கம் ஞாயிறு சந்தை, யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஊர் ஊருக்கு இந்த அட்டவணையை எழுதி வைத்தாலே பாதி "ஒத்துழைக்கவில்லை" மறைந்துவிடும்.

தொப்பூர்க்கணவாய் | 18 ஜனவரி, காலை 10.10

நாம் சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டுமே. "புரிஞ்சுதா?" என்றால் "சரிங்க." அதற்குச் சம்மதம், புரிந்தது, கிளம்புங்கள் என்று மூன்று பொருள் உண்டு.

ஒரு உட்காருதலில் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். முடிவில்: "நான் ஒழுங்கா சொன்னேனான்னு தெரிஞ்சுக்கணும். வீட்டுக்காரர் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?" சோதனை உங்களுக்கு என்ற தொனியில் கேட்க வேண்டும், அவருக்கு என்ற தொனியில் அல்ல. குழந்தைகள் நலக் குழு முன் வர வேண்டிய தேதி என்றால், சுவரில் தொங்கும் காலண்டரில் அவர் கையாலேயே வட்டம் போட வையுங்கள், "அமாவாசைக்கு மறுநாள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எந்த ஊர்ப் பேருந்து, எங்கே இறங்குவது, கையில் என்ன காகிதம். கைநாட்டு வாங்கும் முன் தாளில் இருப்பதைப் பேச்சுத் தமிழில் முழுதாகச் சொல்லி, அவர் வாயால் திரும்பக் கேட்ட பிறகு மை.

குடித்திருப்பவரிடம் இது எதுவும் வேண்டாம். தேதி சொல்லிவிட்டு மறுநாள் காலை வாருங்கள்.

மனநலச் சிக்கல் உள்ளவரிடம் கேள்விக்குப் பிறகு இருபது விநாடி காத்திருங்கள். நமக்கு அது யுகமாகத் தெரியும், அவருக்குப் பதிலைத் தேடி எடுக்க அந்த நேரம் வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரன் செய்வினை வச்சிட்டான்" என்றால் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "தூக்கம் வருதா? எத்தனை நாளா?" என்று அவருக்கு வலிக்கும் இடத்தைக் கேளுங்கள். எந்தக் கோயிலில் மந்திரித்தார்கள் என்பதைக் கேலி இல்லாமல் கேட்டால், மாத்திரையை ஏன் நிறுத்தினார்கள் என்பதும் வரும். குடும்பத்துக்கு அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

புளிமண்டி | 22 பிப்ரவரி, இரவு 8.40

பருவம் வந்துவிட்டது, ஆகவே ஒரு குறிப்பு. புளி தட்டும் வீட்டுக்குப் போனால் வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கிலோ கணக்குக் கூலி, நிறுத்தினால் நஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு கை போடுங்கள்: ஓடு நீக்கியது ஒரு குவியல், நார் ஒரு பக்கம், கொட்டை தனி முறத்தில். இருவர் கண்ணும் புளியில் இருக்கும்போது, நேருக்கு நேர் வராத பேச்சு வரும். தாள், பேனா தொட வேண்டாம், கை பிசுபிசுத்து எழுதவும் முடியாது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூணாவது ஷிப்ட் | 22 பிப்ரவரி, இரவு 9.10

புளி தட்டியதற்குப் பயணப்படி உண்டா?

கெலமங்கலம் | 1 மார்ச், இரவு 9.35

வேறு வட்டாரத்து மகளிர் குழு ஊக்குநர் ஒருவரை மொழிபெயர்க்க அழைத்து வருகிறோம் இப்போது. தெலுங்கும் கன்னடமும் தெரியும், இந்த ஊரில் சொந்தம் இல்லை. பதில்கள் நீளமாகியிருக்கின்றன. இருளர் குடியிருப்புக்கு இன்னும் ஆள் இல்லை. அவர்களில் படித்த பிள்ளைகள் ஓரிருவர்தான், எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம். பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுத்து எத்தனை நாள் ஒருவரை அழைப்பது என்பதும் சிக்கல்.

சட்டப்புத்தகம் | 2 மார்ச், காலை 8.20

குழந்தை தொடர்பான வழக்கு என்றால் இலவச வேலையாக விடாதீர்கள். போக்சோ விதிகள் 2020இன்படி மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும், அவர்களுக்கான கட்டணத்துக்கு அரசு நிதி உண்டு. கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பது, சொந்த பந்தம் இருந்தால் முன்பே சொல்வது, ரகசியம் காப்பது மூன்றும் அந்த விதியிலேயே இருக்கின்றன. உங்கள் ஊக்குநர் பெயரை எழுத்து மூலம் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். இருளர் பேச்சுக்கு என்று தனி வரிசையே கேளுங்கள், பக்கத்து வட்டத்து ஆளாகக் குறிப்பிட்டு.

சித்தேரி | 2 மார்ச், காலை 8.55

கொடுக்கும்போது ஆணும் பெண்ணுமாக இரண்டு பெயர் கொடுங்கள். பிரசவப் பேச்சுக்கு ஆண் ஊக்குநரைக் கூட்டிப்போனால் மறுபடியும் "ஒண்ணும் இல்லைங்க"தான்.